வந்தவள் வராதவளான கணக்கு

நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் மட்டும் தொடர்க.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை முற்பகலில், எங்கள் விடுதியின் முதலாண்டு முதுகலை மாணவி ஒருத்திக்குத் துணையாக, ஐதராபாத் கச்சிபௌலியில் உள்ள ஒரு சலூனுக்குச் சென்றேன். பெயர் வேண்டாம், குளிரூட்டப்பட்டது, பல கிளைகள் கொண்டது, செயலி வழியாக முன்பதிவு செய்தால் மட்டுமே உள்ளே நாற்காலி கிடைப்பது. கூந்தல் அலசவும் வெட்டவுமாக 850 ரூபாயை அவள் முன்னதாகவே செலுத்தியிருந்தாள். குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய்ச் சேர்ந்தோம். முடிதிருத்தும் பெண் அவளை அமர்த்தி, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, காதுக்குப் பின்னால் வகிடெடுத்துப் பார்த்தார்; சீப்பைக் கீழே வைத்துவிட்டு மேலாளரை அழைத்தார். மேலாளர் குனிந்து பார்த்தார். பிறகு கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி இந்தியில் சொன்னார், தலையில் பேன் இருக்கிறது, எங்களால் செய்ய இயலாது என்று.

மறுத்ததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. உரக்கச் சொன்னதைப் பற்றி உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். இப்பதிவு அதற்கு அடுத்து நிகழ்ந்ததைப் பற்றியது. பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டபோது, திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்றார்கள். பற்றுச்சீட்டாவது கொடுங்கள் என்றோம். அச்சடித்துக் கொடுத்தார்கள். அதில் சேவையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டே சொற்கள்: நோ ஷோ. தொகை 850.

மொழியியல் படித்தவளுக்கு இச்சீட்டைக் கிழித்தெறிய மனம் வராது. 'நோ ஷோ' என்றால் முன்பதிவு செய்துவிட்டு வராதவர். இவளோ வந்தாள், அமர்ந்தாள், கழுத்தில் துணி கட்டப்பட்டாள், தலையைக் குனிந்து காட்டினாள். வந்ததனால்தான் அவள் தலையில் பேன் இருப்பதே அவர்களுக்குத் தெரியவந்தது. அப்படிப்பட்டவளை வராதவள் என்று எழுதினால்தான் கணக்கு ஒத்துவரும் என்றால், கணக்கில் பிழை இருக்கிறது. 'மறுக்கப்பட்டவர்' என்றொரு வரியை அந்த மென்பொருளில் சேர்த்திருந்தால், அதற்கு எதிரே 850 என்று அடிக்க எந்தக் கைக்கும் சிறிது தயக்கம் வந்திருக்கும். அந்தத் தயக்கம் வந்துவிடாமல் காப்பதே 'நோ ஷோ'வின் பணி.

இதை விடுதி உணவுக்கூடத்தில் சொன்னபோது, நான் மதிக்கும் இரு நண்பர்கள் சலூனின் பக்கம் நின்றார்கள். அவர்கள் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒரு மணி நேரம் ஒருவருக்காக ஒதுக்கப்பட்டது, அந்த நேரத்தில் வேறொருவர் வந்திருக்கலாம், சனிக்கிழமை வேறு. நாற்காலி வெறுமனே கிடந்ததற்கு யார் பொறுப்பு? திரையரங்கில் சீட்டு வாங்கிவிட்டு நமக்குக் காய்ச்சல் வந்தால் பணம் திரும்பக் கிடைக்கிறதா? தொடர்வண்டியை நாம் தவறவிட்டால் இரயில்வே கட்டணத்தை முழுவதுமாகத் திருப்பித் தருகிறதா?

இல்லை. ஆனால் இந்த எடுத்துக்காட்டுகளில் எல்லாம் விற்பவர் தம் கடமையை ஆற்ற ஆயத்தமாக இருக்கிறார், வாங்கியவர்தான் வரவில்லை. நம் வழக்கு அதன் தலைகீழ். வாங்கியவர் வந்துவிட்டார், விற்றவர் மறுக்கிறார். மறுப்பதற்குத் தக்க காரணம் இருக்கலாம். தக்க காரணத்தோடு மறுப்பதும் மறுப்பே. வண்டியை இரயில்வே தானே இரத்து செய்யும்போது, அது புயலால் நேர்ந்திருந்தாலும், கட்டணம் முழுமையாகத் திரும்புகிறது. அறுவை சிகிச்சைக்குச் சென்றவருக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்று மருத்துவர் அன்றைக்குத் தள்ளிவைத்தால், பார்த்ததற்கான கட்டணத்தை வாங்கலாம். செய்யாத அறுவைக்கு வாங்குவாரா?

இங்கே நண்பர்கள் இன்னொரு படி ஏறினார்கள். காய்ச்சல் தானாக வருவது. பேன் அசுத்தத்தால் வருவது. ஆகவே அது அவள் பொறுப்பு என்றார்கள். உண்மையில் எல்லாத் தகராறும் இந்த ஒரு தவறான எண்ணத்தின்மேல்தான் நிற்கிறது. தலைப்பேனுக்கும் அழுக்குக்கும் தொடர்பில்லை. கழுவிய தலையிலும் அது அதே விருப்பத்தோடு குடியேறும். அதற்குச் சிறகில்லை, தாவவும் தெரியாது, ஒரு தலை இன்னொரு தலையைத் தொடும்போது முடிபற்றி ஊர்ந்து கடக்கிறது, அவ்வளவே. ஒரு கட்டிலில் இருவர் படுத்துத் திரைப்படம் பார்க்கும் விடுதியில் இதற்கு மேல் அதற்கு என்ன வசதி வேண்டும்? தலையைவிட்டு விழுந்தால் ஓரிரு நாளில் இறந்துபோகும். சீலைப்பேன் காய்ச்சலைப் பரப்பும் என்பது உண்மை. தலைப்பேன் எந்த நோயையும் பரப்புவதாக அறியப்படவில்லை. மிக முக்கியமானது, முதன்முறை பேன் பற்றியவருக்கு அரிப்புத் தோன்றவே நான்கு முதல் ஆறு வாரம்வரை ஆகலாம். அரிப்பு என்பது பேனின் எச்சிலுக்கு உடல் பழகி எழுப்பும் ஒவ்வாமை. ஆக, தலையில் பேனோடு சலூனுக்குள் நுழையும் ஒருத்தி பொய் சொல்லி நுழைகிறாள் என்று கொள்ள அடிப்படையே இல்லை. அவளுக்கே அது அந்த நாற்காலியில்தான் முதலில் தெரியவருகிறது. எங்கள் மாணவிக்கும் அப்படியே.

தென்னாட்டு மொழிகளில் பேனுக்குப் பெயர் ஒன்றே. தமிழிலும் மலையாளத்திலும் பேன், தெலுங்கில் பேனு, கன்னடத்தில் பகரம் ஹகரமாகி ஹேனு. அதன் முட்டைக்கு ஈர். அதை வாரியெடுக்கும் கருவிக்கு மட்டும் தமிழில் ஈர்கொல்லி, ஈர்வலி, ஈர்வாங்கி எனப் பல பெயர்கள். வெட்கப்பட்டு ஒளித்த பொருளுக்கு ஒரு சமூகம் இத்தனை பெயர் சூட்டியிராது. நம் பாட்டிமார் மதிய வேளைகளில் திண்ணைப் படிகளில் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து பேன் பார்த்தார்கள். தெலுங்கிலும் அதற்குப் பார்த்தல் என்றே வினை. வைத்தியம் பார்த்தல், பிரசவம் பார்த்தல் என்பவற்றில் வரும் அதே பார்த்தல்: கண்ணால் காண்பதோடு நில்லாமல், கையால் செய்து முடிப்பது. அந்தச் சலூனில் பேனைக் கண்டார்கள், பேன் பார்க்கவில்லை. கண்டதற்கு 850 ரூபாய்.

சில இடங்களில் இதைத் 'துப்புரவுக் கட்டணம்' என்ற பெயரிலும் வாங்குகிறார்கள் என்று தோழி ஒருத்தி சொன்னாள். அது இன்னும் வியப்பானது. சீப்பையும் கத்தரியையும் ஒவ்வொரு தலைக்குப் பின்பும் தூய்மை செய்யவேண்டியது சலூனின் அன்றாடக் கடமை. 55 பாகைக்கு மேற்பட்ட சுடுநீரில் சீப்பைப் பத்து நிமிடம் இட்டால் பேனும் ஈரும் செத்துவிடும். இதை எல்லாத் தலைக்கும் செய்பவர்களுக்குப் பேன் உள்ள தலை கூடுதல் செலவு வைப்பதில்லை. கூடுதல் செலவு என்று கேட்பவர்கள், மற்றத் தலைகளுக்கு இதைச் செய்வதில்லை என்று தம் வாயால் ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால் இவள் தலைக்குப் பேன் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் அவர்களே தாங்கவேண்டும்.

இப்போது எனக்குக் கடினமான பகுதிக்கு வருகிறேன். மறுக்கும் உரிமையை நான் காக்க விரும்புகிறேன். முடிதிருத்தும் தொழில் இந்நாட்டில் சாதியாக விதிக்கப்பட்டிருந்தது. அறுவடையில் ஒரு பங்கு தானியம் கூலி. அதற்கு ஈடாக ஊரார் அழைத்த வீட்டுக்கு, அழைத்த நேரத்தில் போயாக வேண்டும். தமிழகத்தில் மருத்துவர் என்று இன்று தம்மை அழைத்துக்கொள்ளும் அச்சமூகத்தின் ஆண்கள் ரணவைத்தியமும் பெண்கள் பிரசவமும் பார்த்தவர்கள். புண்ணையும் சீழையும் குருதியையும் தொட்டவர்கள். முடியாது என்று சொல்லும் உரிமை மட்டும் இல்லாதவர்கள். அத்தொழிலில் இன்று ஒரு பெண் சீப்பைக் கீழே வைத்துவிட்டு 'இயலாது' என்று சொல்ல முடிகிறது என்றால் அது சிறிய வெற்றியன்று.

ஆனால் அதே தொழிலுக்கு மறுப்பின் இன்னொரு வரலாறும் உண்டு. ஆதிக்கச் சாதியினரின் கட்டளையால் தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்த கடைகள் இந்தியக் கிராமங்களில் இருந்தன. இன்னும் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலாது. கடைகளில் நுழைவதைத் தடுக்கலாகாது என்று அரசமைப்பின் 15-ஆம் கூறும், தீண்டாமை ஒழிந்தது என்று 17-ஆம் கூறும் சொன்ன பிறகும், 1955-இல் தனிச்சட்டம் இயற்றி, தீண்டாமையின் பெயரால் சேவையை மறுப்பதைக் குற்றமாக்க வேண்டியிருந்தது. அம்மறுப்புகளில் பெரும்பாலானவை தம்மைச் சாதி என்று சொல்லிக்கொள்ளவில்லை. சுத்தம் என்றே சொல்லிக்கொண்டன.

ஆகவேதான் 'சுகாதாரக் காரணங்களுக்காக மறுக்கும் உரிமை எமக்கு உண்டு' என்ற வரியைப் படிக்கும்போது எனக்குச் செவி கூர்மையாகிறது. யாருடைய தலை வகிடெடுத்துப் பார்க்கப்படுகிறது? அன்று எங்களுக்கு முன்பாக இரு பெண்கள் நாற்காலியில் அமர்ந்தார்கள். ஒருவர் தலையையும் அப்படி ஆராய்ந்ததை நான் காணவில்லை. பருத்திச் சுடிதாரும் எண்ணெய் வைத்த பின்னலுமாக வந்தவளின் தலையைத்தான் ஆராய்ந்தார்கள். இது தற்செயலாக இருக்கலாம். அவர்கள்மேல் குற்றம் சுமத்த என்னிடம் சான்றில்லை. ஆனால் மறுப்பவருக்கு மறுப்பினாலேயே வருமானம் வரும் என்ற ஏற்பாடு அமைந்துவிட்டால், தற்செயலை நம்பி இருப்பதற்கில்லை. இழப்போடு மறுப்பவரின் மறுப்பை முன்னெச்சரிக்கை என்று நான் நம்புவேன். முழுத்தொகையும் கையில் நிற்க, உழைப்பும் மிஞ்ச, நாற்காலியும் காலியாக, அடுத்தவரை அமர்த்தவும் வழிதிறக்க மறுப்பவரின் மறுப்பை எப்படி நம்புவது? பேனுக்குப் பெத்தனம் கொடுத்தால் தலை முழுவதையும் மழித்துவிட்டதாம் என்று இவ்வூர்த் தெலுங்கர் சொல்வார்கள். பெத்தனம் என்றால் அதிகாரம்.

அன்று நான் அந்த முடிதிருத்தும் பெண்ணிடம், மேலாளர் அப்பால் சென்றதும், இந்த 850-இல் உங்களுக்கு ஏதேனும் வருமா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். செய்து முடித்த வேலைக்குத்தான் ஊக்கத்தொகை. 'நோ ஷோ' அவருடைய மாத இலக்கில் சேராது. என் நண்பர்கள் எந்த உழைப்பாளியின் வீணான ஒரு மணி நேரத்துக்காக வாதாடினார்களோ, அந்த உழைப்பாளிக்கு அதில் ஒரு காசு இல்லை. அவர் இரண்டு முறை இழந்தார்: வேலையும் போயிற்று, பணத்தை வாங்கிய பழியும் அவர் முகத்தில்தான் விழுந்தது. எங்கள் மாணவி கண்ணீரோடு பார்த்தது அவரைத்தானே.

நாங்கள் சொன்ன எதுவும் மேலாளரிடம் எடுபடவில்லை. காதின்மேல் பேன்கூட ஊரவில்லை என்று இந்தியில் ஒரு வழக்கு உண்டு, பொருட்படுத்தாதவரைக் குறிக்க. அன்று அதைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(46)-இல் நியாயமற்ற ஒப்பந்தம் எது என்று வரையறுக்கிறது. ஒப்பந்தம் மீறப்பட்டதால் நேர்ந்த இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தொகையை நுகர்வோர்மேல் சுமத்துவதும், அவருக்குப் பாதகமாக நியாயமற்ற கட்டணத்தையோ நிபந்தனையையோ விதிப்பதும் அதில் அடங்கும். இங்கே நுகர்வோர் எதையும் மீறவே இல்லை என்பது வேறு. 1872-இன் ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவோ, ஒப்பந்தத்தில் எவ்வளவு தண்டம் எழுதியிருந்தாலும் அந்த வரம்புக்குள் நியாயமான ஈட்டுத்தொகைதான் தரப்படும் என்கிறது. ஐந்து நிமிடம் வகிடெடுத்துப் பார்த்ததற்கு நியாயமான ஈடு எவ்வளவு? ஐம்பது ரூபாய் என்று சொல்லியிருந்தால் நான் இப்பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

நடைமுறையில் இச்சட்டத்தின் வாசல் உயரமானது. சேவைக் குறைபாடு என்றால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். நியாயமற்ற ஒப்பந்தம் என்று சொல்லி ஒரு விதியைச் செல்லாததாக்கக் கேட்பதென்றால் மாநில ஆணையத்துக்குத்தான் போகவேண்டும். 850 ரூபாய்க்கு யார் போவார்? சலூன்களுக்கும் இது தெரியும். 2018-இல் தில்லியின் நட்சத்திர விடுதிச் சலூன் ஒன்றில் கூந்தலைச் சொன்னதற்கு மாறாகக் குட்டையாக வெட்டியதற்காக, தேசிய ஆணையம் 2021-இல் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு விதித்ததும், அத்தொகைக்கு ஆதாரம் போதாதென்று 2023-இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கி மறுபரிசீலனைக்கு அனுப்பியதும் நாளிதழ்களில் பெரிய செய்தி. வெட்டிய கூந்தலுக்குக் கோடிகள்வரை வழக்காட முடிகிற நாட்டில், வெட்டாத கூந்தலுக்குக் கொடுத்த 850 ரூபாயைக் கேட்கப் பெண்கள் வெட்கத்தோடு வெளியேறுகிறார்கள். அந்த வெட்கத்தை நம்பித்தான் இக்கட்டணம் நிற்கிறது. தலையில் பேன் இருந்ததால் என் பணம் போயிற்று என்று எத்தனை பேர் வெளியே வந்து சொல்வார்கள்? இதை எழுதுவதற்கு முன் அந்த மாணவியிடம் இருமுறை ஒப்புதல் கேட்டேன்.

இன்னொரு விளைவையும் சலூன்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பேன் இருந்தால் முழுத்தொகையும் போகும் என்று தெரிந்தபின், ஐயமுள்ள ஒருத்தி முன்னதாகத் தொலைபேசியில் சொல்வாளா? வருமுன் நன்றாக வாரிக்கொண்டு, கண்ணில் படும் ஈரை உருவிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் வந்து அமர்வாள். ஒளிப்பவளுக்கு வாய்ப்பும் சொல்பவளுக்குத் தண்டமும் தரும் விதி அது. பேனைத் தடுப்பது நோக்கமென்றால் இதைவிடக் கெட்ட விதியை வகுக்க முடியாது.

தெரிந்தே ஒளித்து வருபவர்களும் இருப்பார்கள், மறுக்கவில்லை. நான்கு மணி நேரக் கெரட்டின் வேலையின் நடுவில் பேன் தெரியவந்தால், அதுவரை செய்த வேலைக்கும் செலவான பொருளுக்கும் பணம் கேட்பது நியாயமே. செய்த அளவுக்குக் கூலி, செய்யாததற்கு இல்லை. முதலிலேயே கண்டு நிறுத்தினால், செலுத்திய தொகை அப்படியே அடுத்த முன்பதிவுக்கு நகரட்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு நாளைக் குறித்துக் கொடுக்கலாம். பெர்மெத்ரின் மருந்தை ஒருமுறை இட்டு, எஞ்சிய ஈர் பொரித்துவர ஒன்பதாம் நாள் மறுமுறை இட்டு முடிக்க அது தாராளமாகப் போதும். வர விரும்பாதவருக்குப் பணம் திரும்பட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு முடிதிருத்துபவரின் ஊக்கத்தொகையை நிறுவனம் கொடுக்கட்டும். மின்வெட்டினால் வீணாகும் மணிநேரத்தையும், மழையால் ஆள் வராத மாலையையும் தொழிலின் இடர் என்று ஏற்றுக்கொள்ளும் முதலாளி, பேனை மட்டும் வாடிக்கையாளர் கணக்கில் எழுதுவானேன்? அவ்வளவு இழப்பு என்றால், பேன் வாரிவிடுவதையே ஒரு சேவையாக விலையிட்டுப் பலகையில் எழுதட்டும். மகிழ்ச்சியோடு கொடுப்போம், விடுதியிலிருந்து கூட்டமாகவே வருவோம்.

மறுப்பைச் சொல்வதையும் காதோடு சொல்லலாம். அதற்குச் செலவே இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். சேவைக் குறைபாடு என்றும், பற்றுச்சீட்டில் பொய்யான விவரம் என்றும் எழுதினோம். சீட்டின் படத்தை இணைத்தோம். சலூனிடமிருந்து இதுவரை ஒரே ஒரு விடை: 'விதிகளின் நான்காம் பத்தியைக் காண்க.' கண்டோம். முன்பதிவுப் பொத்தானுக்குக் கீழே, சாம்பல் நிற எழுத்தில், இன்னொரு சுட்டியை அழுத்தினால் திறக்கும் பக்கத்தில் இருக்கிறது அந்தப் பத்தி.

அவளுக்கு விடுதி மொட்டைமாடியில் நாங்கள் மூவர் முறைவைத்துப் பேன் பார்த்தோம். எங்கள் தலைகளையும் பார்த்துக்கொண்டோம். என் தலையில் இரண்டு இருந்தன. பதினோராம் நாள், வளாக வாயிலுக்கு எதிர்ச்சந்தில் உள்ள சிறிய அழகுநிலையத்தில் அவள் முடிவெட்டிக்கொண்டாள். அதை நடத்தும் அக்காவிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொன்னோம். அவர் சிரித்தார், தம் மகள் பள்ளியிலிருந்து மாதம் தவறாமல் கொண்டுவருகிறாள் என்றார். ஈரத்தலையோடு வா, சீப்பை நீயே கொண்டு வா என்றார். 150 ரூபாய் வாங்கிக்கொண்டார்.